பழைய மைனர் கார்ல டைனமோ சார்ஜ் பண்ணலைன்னா, டைனமோவைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். 1959 மாடல் மோரிஸ் மைனர் 1000, தாத்தா வண்டி, பல வருஷமா ஷெட்டுல நின்னது, இப்ப இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆனா டேஷ்ல சார்ஜ் ஆகலைன்னு காட்டற சிவப்பு லேம்ப் அணையவே மாட்டேங்குது. பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கற டைனமோ பக்கம் போற துணி சுத்துன ஒயரைத் தொட்டா மாவு மாதிரி உதிருது. மெக்கானிக் என்னடான்னா டைனமோவை தூக்கிப் போட்டுட்டு அதே வேலையைச் செய்யற புதுக்கால மெஷின், மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம்ங்கறார். இதை ரிப்பேர் பண்ண முடியுமா, எங்க ஆரம்பிக்கறது?

முடியும். கையில மல்டிமீட்டர், நல்ல சால்டரிங் அயர்ன், ரெண்டு ஞாயித்துக்கிழமை இருந்தா போதும். ஆனா ஆரம்பிக்கற இடம்தான் எல்லாரும் தப்பு பண்றது. லேம்ப் அணையலைன்னதும் டைனமோவைக் கழட்டி வைண்டிங் கடைக்குக் கொண்டு போயிடுவாங்க, அவரு அதைப் பிரிச்சு கார்பன் (சுத்தற பாகத்தைத் தொட்டு கரண்ட் எடுக்கற கட்டை) மாத்தி பெயிண்ட் அடிச்சுத் தருவாரு, மாட்டினா மறுபடி அதே சிவப்பு லேம்ப். அப்புறம் கட்-அவுட் பாக்ஸ் (டைனமோ வோல்ட்டைக் கட்டுப்படுத்தி பேட்டரியோட சேர்த்துப் பிரிக்கற டப்பா) மூடியைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகுவாங்க, அதோட இருந்த ஒரே நல்ல செட்டிங்கும் போச்சு. நான் பார்த்த வண்டிகள்ல முக்காவாசிக்கு மேல டைனமோ நல்லாத்தான் இருந்துச்சு, ஒயரும் எர்த்தும்தான் (வண்டி பாடி வழியா கரண்ட் திரும்பற இணைப்பு) செத்துப் போயிருந்துச்சு. இந்த டைனமோவைச் செஞ்ச லூகாஸ் கம்பெனிக்கு இங்கிலாந்துலயே இருட்டுக்கு இளவரசர்னு ஒரு பட்டப்பேரு உண்டு, ஆனா அறுபது வருஷம் கழிச்சு ரப்பர் உதிர்ந்ததுக்கு அவங்களைத் திட்டி என்ன பண்றது.

முதல்ல உங்க டைனமோ என்னன்னு பாருங்க. பாடியை டீசல்ல துடைச்சா முத்திரை தெரியும். அந்தக் கால மைனர்ல சி39பிவி2 இருக்கும், அது 19 ஆம்பியர். பின்னாடி வந்ததுல சி40, அது 22 ஆம்பியர். ரெண்டுக்கும் வேலை செய்யற விதம் ஒண்ணுதான். நம்ம ஊர் பழைய அம்பாசடரை நோண்டினவங்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியம் இல்ல, சென்னை பாடியில 1961-ல ஆரம்பிச்ச லூகாஸ்-டிவிஎஸ்ஸே இந்த வம்சம்தானே. அதனால கார்பன், புஷ் (தண்டு உள்ள சுத்தற உலோக வளையம்) மாதிரி சில்லறை சாமான் புதுப்பேட்டையில தேடினா சிக்க வாய்ப்பு உண்டு, ஆனா பழசை கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்குங்க, வாயால பேரு சொல்லி வாங்காதீங்க.

இப்ப தத்துவம் கொஞ்சம், இது புரியாம மீட்டர் வெச்சு புண்ணியமில்ல. டைனமோவுல பெரிய டெர்மினல் டி, சின்னது எஃப். டிங்கறது ஆர்மேச்சர்ல (உள்ள சுத்தற சுருள்) இருந்து கார்பன் வழியா கரண்ட் வெளிய வர்ற இடம், இன்னொரு கார்பன் பாடியோட எர்த். எஃப்ங்கறது உள்ள காந்தத்தை உண்டாக்கற ரெண்டு பீல்டு காயிலோட ஒரு முனை, மறுமுனை பாடியில ரிவெட் அடிச்சு எர்த் ஆகியிருக்கும். இன்ஜின் சுத்த ஆரம்பிச்சதும் இரும்புல மிச்சம் மீதி ஒட்டிட்டு இருக்கற காந்தத்தால அரை வோல்ட், ஒரு வோல்ட் வரும். அது டி ஒயர் வழியா கட்-அவுட் பாக்ஸுக்குப் போய், அங்க இருக்கற ரெகுலேட்டர் பாயிண்ட் வழியா எஃப் ஒயர்ல திரும்பி வந்து பீல்டு காயிலுக்கு ஊட்டும். காந்தம் கொஞ்சம் பலமாகும், வோல்ட் ஏறும், மறுபடி காந்தம் பலமாகும், இப்படியே தன்னைத் தானே தூக்கி விட்டுக்கும். ஆக டி ஒயர் போயி எஃப் ஒயர் வந்தாத்தான் டைனமோவுக்கு உயிரே. இந்த ரெண்டு ஒயர்ல ஒண்ணு அறுந்தாலோ, எஃப் ஒயர் எங்கயாவது பாடியில தொட்டாலோ, டைனமோ புதுசா இருந்தாலும் பொணம்தான்.

அந்த சிவப்பு லேம்ப் ஒரு பக்கம் இக்னிஷன் சாவியிலயும் இன்னொரு பக்கம் டி-யிலயும் தொங்குது. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்தா அணையும். அதனால அதுவே ஒரு மீட்டர் மாதிரி. சாவி போட்டதும் எரியவே இல்லைன்னா பல்ப் போயிருக்கணும், இல்லைன்னா கார்பன் கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சர் முனையில இருக்கற செம்புப் பட்டை வளையம்) தொடல, இல்லைன்னா டி ஒயர் அறுந்திருக்கு. எவ்வளவு ரேஸ் பண்ணாலும் பளிச்சுன்னு எரிஞ்சா டி-யில வோல்ட்டே வரல, உங்க கேஸ் இதுதான். ஹெட்லைட் போட்டா மட்டும் மங்கலா மினுக்குதுன்னா கட்-அவுட் பாக்ஸ்ல இருந்து பேட்டரி பக்கம் போற ஏ டெர்மினல் ஜாயின்ட்ல எங்கயோ ரெசிஸ்டன்ஸ். ஐடில்ல மட்டும் மினுக்கினா பதற வேண்டாம், டைனமோ ஐடில்ல சார்ஜ் பண்ணாது, அது அதோட பிறவிக் குணம். ஆல்டர்னேட்டர்ல அந்த பல்ப் ஃபியூஸ் ஆனா சார்ஜே ஆரம்பிக்காம போகலாம், டைனமோவுக்கு அந்தக் கவலை கிடையாது.

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில பேட்டரியில இருந்து சொலினாய்டு (ஸ்டார்ட்டர் ஸ்விட்ச்), அங்கிருந்து கட்-அவுட் பாக்ஸ் வரைக்கும் போற தடி பிரவுன் ஒயருக்கு ஃபியூஸே கிடையாது. உதிர்ற ஒயரை அசைச்சுட்டு இருக்கும்போது அது பாடியைத் தொட்டா மொத்த ஒயர் கட்டும் (ஹார்னஸ்) புகைஞ்சுடும், அணைக்கறதுக்குள்ள டேஷ் வரைக்கும் ஏறிடும். எனக்கு ஒரு தடவை ஆயிருக்கு. கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிட்டு இருந்தது தெரியாம வண்டியை நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா பேட்டரி கரண்ட் பூரா டைனமோ வழியா தலைகீழா ஓடி ஒயர் மேல இருந்த துணி பொசுங்கிட்டு இருக்கு. அன்னைக்கே ஒரு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். நீங்க முதல் வேலையா அதை மாட்டுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, உங்க வண்டி பாசிட்டிவ் எர்த்தாத்தான் பொறந்திருக்கும். அதாவது பேட்டரியோட பிளஸ் பாடியில. இத்தனை வருஷத்துல யாராவது மாத்தியிருக்கலாம், பேட்டரி கேபிளை வெச்சு முதல்ல உறுதி பண்ணிக்குங்க. இது தெரியாம பையன் ஒருத்தன் புது பேட்டரியை வழக்கம்போல மைனஸை பாடியில மாட்டிட்டுப் போயிடுவான். டைனமோ ஒரு பக்கம் இழுக்க பேட்டரி ஒரு பக்கம் இழுக்க கட்-அவுட் பாயிண்ட் வெல்டிங் ஆயிடும்.

சரி, டெஸ்ட். ஃபேன் பெல்ட் டைட்டா இருக்கான்னு பாருங்க, நீளமா ஓடற பக்கத்துல கட்டை விரலால அழுத்தினா அரை இன்ச் வாக்குல இறங்கணும். அப்புறம் டைனமோவுல டி, எஃப் ரெண்டு ஒயரையும் கழட்டுங்க, எது எதுன்னு டேப் ஒட்டி எழுதி வெச்சுக்குங்க. நல்ல கலர் தெரிஞ்சா டி மஞ்சள், எஃப் மஞ்சள்ல பச்சைக் கோடு, ஆனா இந்த வயசுல எல்லாமே டிகாஷன் கலர்லதான் இருக்கும். ரேடியோ இரைச்சலுக்காக கண்டென்சர் மாட்டியிருந்தா அதையும் கழட்டிடுங்க, அது எஃப்-ல மாட்டியிருந்தா திருப்பி மாட்டவே மாட்டாதீங்க, டி-யில மட்டும்தான் அதுக்கு இடம். இப்ப டைனமோவுல டி-யையும் எஃப்-ஐயும் ஒரு சின்ன வெத்து ஒயரால சேர்த்துக் கட்டுங்க. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு ஒரு முனை அந்த ஒயர்ல, இன்னொண்ணு டைனமோ பாடியில, பெயிண்ட் இல்லாத இடமா பாருங்க. பாசிட்டிவ் எர்த்ங்கறதால டிஜிட்டல் மீட்டர்ல மைனஸ் குறி வந்தா கண்டுக்காதீங்க.

இன்ஜினை ஐடில்ல ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஏத்துங்க. வோல்ட் குதிக்காம சரசரன்னு ஏறணும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீங்க, ரேஸ் பண்ணி வோல்ட் வரவழைக்கப் பார்க்காதீங்க, டைனமோ 1000 ஆர்பிஎம் சுத்தினாலே தெரிஞ்சுடும். நல்லா ஏறிச்சுன்னா டைனமோ பாஸ், பிரச்சனை வெளிய. ஒண்ணுமே வரலைன்னா கார்பன் பக்கம் பாருங்க. அரையில இருந்து ஒரு வோல்ட்லயே நின்னா அது வெறும் மிச்ச காந்தம், பீல்டு வேலை செய்யல. 4, 5 வோல்ட் வந்து நின்னா ஆர்மேச்சர் மேல சந்தேகப்படணும். இதை நான் கண்டுபிடிக்கல, அந்தக் கால ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கறதுதான், ஆனா பத்து நிமிஷ வேலை, இதைப் பண்ணாம டைனமோவைக் கழட்டறவர்கிட்ட வண்டியைக் குடுக்காதீங்க.

ஒரு வோல்ட்டுல நின்னா பயந்துடாதீங்க, பல வருஷம் நின்ன வண்டியில அந்த மிச்ச காந்தமே மங்கிப் போயிருக்கலாம். டி, எஃப் ஒயர் கழண்ட நிலையில, பேட்டரியோட எர்த் ஆகாத முனையில இருந்து ஒரு ஒயரை இழுத்து எஃப் டெர்மினல்ல ஒரு செகண்ட் தொட்டு எடுங்க, ரெண்டு மூணு தடவை. சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். காந்தம் திரும்ப ஏறிடும், பேட்டரிக்கு ஏத்த திசையிலயே ஏறும். பேட்டரியை பாசிட்டிவ் எர்த்துல இருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தினாலும் இதே வேலையைப் பண்ணித்தான் ஆகணும். வீடியோவுல அமெரிக்கக்காரங்க கட்-அவுட் பாக்ஸ்ல ரெண்டு டெர்மினலை ஷார்ட் பண்ணிக் காட்டுவாங்க, அது அவங்க டெல்கோ டைனமோவுக்கு, அதுல பீல்டு எர்த் ஆகறது பாக்ஸ் வழியா, நம்மதுல டைனமோ பாடியிலயே. முறையைக் கலக்கினா பாயிண்ட் கருகும்.

டைனமோ பாஸ் ஆச்சுன்னா அந்தச் சின்ன ஒயரை எடுக்காம அப்படியே வெச்சு, டி, எஃப் ஒயர்களைத் திருப்பி மாட்டுங்க. இப்ப கட்-அவுட் பாக்ஸ்ல போய் டி ஒயரை மட்டும் கழட்டி, அந்த முனைக்கும் பாடிக்கும் வோல்ட் பாருங்க. டைனமோவுல வந்த அதே வோல்ட் வரணும். அப்புறம் எஃப் ஒயருக்கும் அதே மாதிரி. எது குறையுதோ அந்த ஒயர் செத்துப் போச்சு. உங்க கேஸ்ல, நீங்க சொல்ற நிலைமைக்கு, ரெண்டுமே அவுட்டாத்தான் இருக்கும்னு நினைக்கறேன், ஆனாலும் அளந்து பாருங்க, மனசுக்கு நிம்மதி.

இப்ப ஒயர். துணி உதிர்றது பிரச்சனையே இல்ல, அது சட்டை மாதிரி. உள்ள ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கும், அதுதான் பிரச்சனை. அதை விட மோசம் செம்பு. ஒரு முனையை ஒரு இன்ச் உரிச்சுப் பாருங்க, பளபளன்னு இல்லாம கறுப்பாவோ பச்சையாவோ இருந்தா அந்த ஒயர்ல சால்டரே ஒட்டாது. கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டே போனா நல்ல செம்பு வரும்னு சிலர் சொல்வாங்க, அரை மீட்டர் வெட்டினாலும் வராது. மேல டேப் சுத்தி காலத்தை ஓட்டலாம்னு நினைக்காதீங்க, கறுப்பு டேப் வெயில்ல பிசின் விட்டு, உள்ள ஈரத்தைப் பிடிச்சு வெச்சு இன்னும் சீக்கிரம் சாகடிக்கும்.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். துருப்பிடிச்ச ஒரு ஜாயின்ட்ல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ், மீட்டர்ல கண்ணுக்கே தெரியாது. அதுல 20 ஆம்பியர் போனா 2 வோல்ட் அங்கயே தின்னுடும், 40 வாட் சூடு. உங்க சால்டரிங் அயர்னே அவ்வளவுதான். அந்தச் சூட்டுலதான் ஒயர் முனை கருகுது, பேட்டரி எப்பப் பார்த்தாலும் பசியாவே இருக்கு, நாம டைனமோவைக் குறை சொல்றோம்.

பழைய இங்கிலீஷ் வண்டியில தடி ஒயர் 44 இழை, ஒவ்வொரு இழையும் 0.012 இன்ச், இன்னைக்கு கணக்குல சுமார் 3 ஸ்கொயர் எம்எம். நீங்க டி-க்கும், ஏ-ல இருந்து சொலினாய்டுக்குப் போறதுக்கும் 4 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ கேபிள் போடுங்க. எஃப்-ல அதிகபட்சம் 2 ஆம்பியர்தான் ஓடும், 1.5 தாராளம். ஹார்டுவேர் கடையில வீட்டு ஒயரிங்குக்கு விக்கற கேபிள் வாங்காதீங்க, அதுல இழை கம்மி, தடிமன் ஜாஸ்தி, இன்ஜின் அதிர்வுல ஆறு மாசத்துல முனையில உடைஞ்சுடும், பெட்ரோல் ஆயில் பட்டா உறையும் தாங்காது. பழைய தோற்றம் வேணும்னா துணி பின்னின ஒயர் உள்ள பிவிசியோட இங்கிலாந்துல இன்னும் செஞ்சு விக்கறாங்க, விலை கொஞ்சம் கூட, ஷோவுக்குக் கொண்டு போற வண்டின்னா வாங்கலாம். ஓட்டற வண்டிக்கு சாதா ஆட்டோ கேபிள் மேல காட்டன் டேப்பை பாதிக்குப் பாதி ஏறி வர்ற மாதிரி சுத்தினா நாலடி தள்ளி நின்னு பார்க்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய ஒயரை மொத்தமா உருவிடாதீங்க. ஒண்ணு கழட்டி, அதே நீளத்துக்குப் புதுசு வெட்டி, அதே வழியில போட்டு, அப்புறம் அடுத்தது. மொத்தமா உருவிட்டு ஃபோட்டோ பார்த்து மாட்டிக்கலாம்னு நினைச்சவங்க பல பேரு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணியிருக்காங்க. டைனமோ பெல்ட் டைட் பண்ண அசையும், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க, எக்ஸாஸ்ட் பக்கம் சாய விடாதீங்க.

ஒயர் முனையில மாட்டற உலோகக் கண்ணியை (லக்) நசுக்கிப் புடிக்கறதா (கிரிம்ப்) சால்டர் பண்றதான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. நல்ல கிரிம்பிங் டூல் இருந்தா கிரிம்ப், கட்டிங் பிளேயரால நசுக்கறதா இருந்தா சால்டர். சால்டர் ஒட்டறதுக்குப் போடற பிளக்ஸ் ரோசின் மட்டும், ரேடியேட்டர் ஒட்டறவங்க வெச்சிருக்கற ஆசிட் பிளக்ஸைத் தொடவே தொடாதீங்க, உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருக்கும். டைனமோ டெர்மினல்ல லக் மாட்டறதுன்னா சால்டர் நல்லது. ஆனா கட்-அவுட் பாக்ஸ்ல, ஓட்டையில ஒயரை விட்டு ஸ்க்ரூவால அழுத்தற மாடல்ல, முனையில ஈயம் பூசாதீங்க. ஈயம் அழுத்தத்துல மெல்ல மெல்ல இளகி கொஞ்ச நாள்ல ஸ்க்ரூ லூஸ் ஆகும், மறுபடி அந்த 40 வாட் கதை. இழையை முறுக்கி மடிச்சு விட்டு டைட் பண்ணுங்க, ஒரு மாசம் ஓட்டிட்டு மறுபடி ஒரு திருகு. டி-யும் எஃப்-உம் இடம் மாறக்கூடாது, மாறினா ரெகுலேட்டர் பாயிண்ட் காலி. டெர்மினல் சைஸ் வேற வேறயா வெச்சதே அதுக்காகத்தான், ஆனாலும் லக்கை விரிச்சு மாட்டற வீரர்கள் இருக்காங்க.

எல்லாரும் மறக்கறது ஒண்ணு, பாக்ஸ்ல இ-ன்னு ஒரு டெர்மினல், அதுல இருந்து கறுப்பு ஒயர் பாடிக்குப் போகும். ரெகுலேட்டர் வோல்ட்டை அளக்கறதே அந்த எர்த்தை நம்பித்தான். அது துருப்பிடிச்சா வோல்ட் கம்மியா இருக்குன்னு பாக்ஸ் நினைச்சுட்டு டைனமோவை இன்னும் விரட்டும், பேட்டரித் தண்ணி கொதிக்கும். சுத்தமா அறுந்துட்டா இன்னும் வேடிக்கை, ரெகுலேட்டரும் கட்டுப்படுத்தாது, கட்-அவுட்டும் சேராது, டைனமோ தறிகெட்டு வோல்ட் ஏத்தும், அந்த சிவப்பு பல்ப் எரிஞ்சு போகும். பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகுதுன்னா இந்த ஒயரைத்தான் முதல்ல பார்க்கணும். பாடியில பெயிண்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு டைட் பண்ணி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டையையும் அதே கையோட மாத்திடுங்க, நூறு இருநூறு ரூபா சமாசாரம்.

டெஸ்ட்ல டைனமோவே ஃபெயில்னு வந்தா மட்டும் கழட்டுங்க. மைனர்ல இக்னிஷன் காயில் டைனமோ முதுகு மேல உட்கார்ந்திருக்கும், அதைக் கழட்டி ஓரம் வெச்சுட்டு ரெண்டு போல்ட், கீழ ஒரு அட்ஜஸ்ட் போல்ட், அவ்வளவுதான். டேபிள்ல வெச்சதும் பிரிக்கறதுக்கு முன்னாடி எஃப்-க்கும் பாடிக்கும் ஓம்ஸ் பாருங்க. 6 ஓம் வரணும், மீட்டர் ஒயரோட அரை ஓமைக் கழிச்சுக்குங்க. ஒண்ணுமே காட்டலைன்னா காயில் எங்கயோ அறுந்திருக்கு, ரொம்பக் கம்மின்னா உள்ள பாடியில தொடுது. இன்னொரு ஜோரான டெஸ்ட் இருக்கு, டி-யையும் எஃப்-ஐயும் சேர்த்து பேட்டரியோட எர்த் ஆகாத முனையில குடுத்து, பாடியை மறுமுனையில குடுத்தா டைனமோ மோட்டாராகி மெதுவா சுத்தணும், அஞ்சு ஆம்பியர் வாக்குல இழுக்கும். கையால புடிச்சுட்டு குடுக்காதீங்க, துள்ளும், வைஸ்ல வெச்சுப் பண்ணுங்க. தயங்கித் தயங்கி சுத்தினா ஆர்மேச்சரோ கார்பனோ.

இந்த மாடல்ல கார்பன் பார்க்க ஜன்னல் கிடையாது, பின்னாடி ரெண்டு நீள போல்ட்டைக் கழட்டி மூடியை உருவணும். மூடி உள் பக்கம் வெள்ளி மாதிரி சின்னச் சின்ன ஈயத் துளி தெளிச்சிருந்தா, ஆர்மேச்சர் ஒரு காலத்துல ரொம்பச் சூடாகி கம்யூட்டேட்டர்ல இருந்த சால்டர் உருகி வீசியிருக்குன்னு அர்த்தம். அதை வைண்டிங் கடைக்குக் குடுங்க, குரோலர்ங்கற டெஸ்ட் மெஷின்ல வெச்சு ஷார்ட் இருக்கான்னு சொல்லிடுவாரு, வீட்ல மல்டிமீட்டரால அதைக் கண்டுபிடிக்க முடியாது. அங்க 230 வோல்ட் சீரிஸ் லேம்ப் வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, அதைப் பார்த்துட்டு வீட்ல பண்ணாதீங்க. கம்யூட்டேட்டர் வெறும் கறுப்பா இருந்தா பெட்ரோல் நனைச்ச துணி, அப்புறம் ஃபைன் கிளாஸ் பேப்பர். எமரி வேண்டாம், அந்தத் தூள் செம்புல பதிஞ்சு கார்பனை அரம் போட்ட மாதிரி தேய்க்கும். பட்டைகளுக்கு நடுவுல மைக்கா மேல துருத்திட்டு இருந்தா ஹேக்சா பிளேடை மைக்கா அகலத்துக்குத் தேய்ச்சு எடுத்து, முக்கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு இழுத்து விடுங்க. பொறுமையான வேலை, ரேடியோவுல பழைய பாட்டு போட்டுட்டு உட்காரலாம். கார்பன் கால் இன்ச்சுக்கு வந்துட்டா மாத்திடுங்க.

பின் பக்க புஷ் கெட்டுப் போயிருந்தா ஆர்மேச்சர் சாய்ஞ்சு போல் ஷூல (பீல்டு காயிலைப் புடிச்சிருக்கற இரும்பு) உரசின தழும்பு தெரியும். புது புஷ்ஷை மாட்டறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் இன்ஜின் ஆயில்ல ஊறப் போடணும், அது ஆயிலைக் குடிக்கற உலோகம், காஞ்சதை அப்படியே அடிச்சா கொஞ்ச நாள்ல மறுபடி கத்தும். மூடி நடுவுல ஓட்டை இருக்குமே, சர்வீஸ் அப்ப அதுல ரெண்டு மூணு சொட்டு இன்ஜின் ஆயில் விடணும். சொட்டுன்னா சொட்டுதான், குடிக்கக் குடுத்தா கார்பன் மேல வழியும்.

உள் ஒயரிங்குல வழக்கமா போறது எஃப் டெர்மினல்ல இருந்து காயிலுக்குப் போற சின்னத் துண்டு. சூட்டுல அதோட உறை கருகி பாடியைத் தொட்டுடும். அதுக்கு காயிலையே கழட்ட வேண்டியதில்ல, கண்ணாடி இழை ஸ்லீவ் ஒண்ணை நுழைச்சு புது இழை ஒயரை சால்டர் பண்ணி வார்னிஷ் தடவினா போதும். காயில் மேல டேப்பே உதிர்ந்திருந்தாத்தான் கஷ்டம், போல் ஷூ ஸ்க்ரூ அறுபது வருஷமா திறக்காதது, இம்பாக்ட் டிரைவர் இல்லாம தலையை மொட்டையாக்கிடாதீங்க. ஷூ ரெண்டும் எந்தப் பக்கம்னு பஞ்ச் வெச்சுக்குங்க. எர்த் முனை ரிவெட்டை டிரில் பண்ணி எடுக்கணும். பழைய டேப்பை உரிச்சுட்டு காட்டன் டேப் பாதிக்குப் பாதி சுத்தி, இன்சுலேட்டிங் வார்னிஷ்ல முக்கி காய விடுங்க, மாட்டும்போது காயிலை லேசாச் சூடு பண்ணினா வளைஞ்சு குடுக்கும். ரெண்டு காயிலும் சேர்ற ஜாயின்ட் பாடியைத் தொடாம இருக்க ஒரு சின்ன இன்சுலேஷன் அட்டை இருக்கும். அது கீழ விழுந்ததைப் பார்க்காம கூட்டித் தள்ளிட்டு, மொத்த வேலையும் முடிச்சு மாட்டினப்புறம் ஒரு வோல்ட்டுல நின்னு முழிச்சவன் நான், அதான் அழுத்திச் சொல்றேன்.

கட்-அவுட் பாக்ஸை கடைசியா தொடுங்க. உள்ள ரெண்டு காயில், ஒண்ணு ரெகுலேட்டர், ஒண்ணு கட்-அவுட். ரெகுலேட்டர் பாயிண்டை ஃபைன் கார்போரண்டம் கல்லால தேய்க்கலாம், கட்-அவுட் பாயிண்ட் மெது உலோகம், அதுக்கு கிளாஸ் பேப்பர் மட்டும். உங்க பாக்ஸ் ஆர்பி106ங்கற மாடல்னா கட்-அவுட் பாயிண்ட்டுக்கு நடுவுல ஒரு பேப்பரை சொருகிட்டு டி-க்கும் இ-க்கும் வோல்ட் பாருங்க, இன்ஜினை மெல்ல ஏத்தினா ஒரு இடத்துல முள் நடுங்கி நிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு 16 வோல்ட்டை ஒட்டி நின்னா சரி. ஐயோ 16-ஆன்னு குறைச்சுடாதீங்க, அது பேட்டரி சேராதப்ப உள்ள கணக்கு, சேர்ந்து கரண்ட் ஓடும்போது உள்ள இன்னொரு சுத்து அதைத் தானா கீழ இழுத்துடும். அரை நிமிஷத்துக்குள்ள பார்த்து முடிச்சுடணும், காயில் சூடானா ரீடிங் மாறும். கட்-அவுட் சேர்றது 12.7-க்கும் 13.3-க்கும் நடுவுல. இதுக்கெல்லாம் முள்ளு மீட்டர்தான் சுகம், டிஜிட்டல்ல எண்ணு ஓடிட்டே இருக்கும். மீட்டர் சரியா வந்துச்சுன்னா ஸ்க்ரூவைத் தொடாம மூடியை மூடிடுங்க.

ஆல்டர்னேட்டர் விஷயம். மெக்கானிக் சொல்றது முட்டாள்தனம் இல்ல. டைனமோ 20 ஆம்பியர் பக்கம், ஹெட்லைட், பார்க் லைட், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தே 12, 13 ஆம்பியர் தின்னுடும், மிச்சம் கொஞ்சம்தான், அதுவும் ஓடும்போது. தினமும் ராத்திரி சிட்டி டிராஃபிக்ல ஓட்டப் போறீங்க, ஹாலஜென், எலெக்ட்ரிக் ஃபேன்லாம் மாட்டப் போறீங்கன்னா ஆல்டர்னேட்டர் போடுங்க, ஆனா அதுக்கு வண்டியை நெகட்டிவ் எர்த்தா மாத்தணும், தடி ஒயர் வேணும், பழைய பாக்ஸை பைபாஸ் பண்ணணும். உதிர்ற அதே ஒயர்ல 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினா அது தீ வெக்கற ஏற்பாடு. ஞாயித்துக்கிழமை காலைல ஓட்டற வண்டிக்கு டைனமோ தாராளம். இலங்கையில இந்த மைனர் இன்னமும் ரோட்டுல ஓடிட்டு இருக்கு, அங்க சொந்தக்காரங்க இருந்தா சாமானுக்கு சொல்லி வெக்கலாம்.

இந்த வாரம் டி-யையும் எஃப்-ஐயும் சேர்த்த அந்த முதல் டெஸ்ட்டை மட்டும் பண்ணுங்க, எவ்வளவு வோல்ட், எஃப்-க்கும் பாடிக்கும் எத்தனை ஓம், பாடி முத்திரையில என்ன எழுதியிருக்கு, மூணையும் சொல்லுங்க. அது வரைக்கும் மெக்கானிக்கை ஸ்பானரைக் கீழ வைக்கச் சொல்லுங்க.